பல்கலைக்கழக விவாத அணி: தொடங்குவதும் தொடர்வதும்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மார்ஷல் என்று ஓர் ஊர். அங்கே வைலி கல்லூரி கறுப்பின மாணவர்களுக்காக 1873-இல் தொடங்கப்பட்டது. 1923-இல் ஆங்கிலம் கற்பிக்க வந்த மெல்வின் டால்சன் அடுத்த ஆண்டே அங்கு ஒரு விவாத அணியைத் திரட்டினார். தென் மாநிலங்களில் இனப் பாகுபாடு சட்டமாகவே இருந்த காலம் அது. கறுப்பின மாணவர்களோடு ஒரே மேடையில் நிற்கவே பல கல்லூரிகள் மறுத்தன. அந்தச் சூழலில்தான் 1935-இல் வைலி அணி, அப்போது தேசிய சாம்பியனாக இருந்த தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக அணியை வென்றது. 2007-இல் வந்த ‘த கிரேட் டிபேட்டர்ஸ்’ படம் சொல்வது இந்தக் கதையைத்தான். திரைக்காக எதிரணியை மட்டும் ஹார்வர்டாக மாற்றிவிட்டார்கள்.

அணி நடத்துகிறவர்களுக்கு அதைவிட முக்கியமானது அந்தக் கதையின் பின்பகுதி. 1947-இல் டால்சன் ஓக்லஹோமாவில் உள்ள லாங்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். வைலியில் விவாதம் அடங்கிப்போனது. படத்தை இயக்கி, டால்சனாகவும் நடித்த டென்சல் வாஷிங்டன் 10 லட்சம் டாலர் நன்கொடை அளித்த பிறகுதான் அணி மறுபடி உயிர் பெற்றது.

அதே டெக்சாஸில், ஹூஸ்டன் நகரத்தில் வேறொரு கதை நடந்தது. டெக்சாஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தில் 1949-இல் பணிக்கு வந்த தாமஸ் ஃப்ரீமன், தம் தர்க்கவியல் வகுப்பில் மாணவர்களை இரண்டாகப் பிரித்து ஒரு விவாதம் நடத்தினார். அது பிடித்துப்போன மாணவர்கள் அணி வேண்டும் என்று கேட்டார்கள். அப்படிப் பிறந்த அணிக்கு அவர் 60 ஆண்டுகளுக்கும் மேலாகப் பயிற்சியளித்தார். அந்த அணியில் பேசி, 1956-இல் அங்கே பட்டம் பெற்ற பார்பரா ஜோர்டன் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போனார். 1974 ஜூலையில் அதிபர் நிக்சன் மீதான பதவி நீக்க விசாரணையின்போது அவர் ஆற்றிய உரை இன்றும் வகுப்பறைகளில் பாடமாக இருக்கிறது. ஃப்ரீமன் 2020-இல் தம் 100-வது வயதில் காலமானார். அதற்கு முன்பே, அவரிடம் பயின்ற மாணவி ஒருவர் பயிற்சியாளர் பொறுப்பை ஏற்றிருந்தார், அணி நிற்கவில்லை.

டால்சன் திறமையில் யாருக்கும் குறைந்தவர் அல்லர். அணி அவரோடு வந்தது, அவரோடு போனது, அவ்வளவுதான். தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் இது பழகிய காட்சி. ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர் வருகிறார், மூன்று வருடம் கோப்பைகள் குவிகின்றன, அவர் மாற்றலாகிப் போனதும் ‘டிபேட் கிளப்’ என்ற பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சுகிறது. இந்த அத்தியாயத்தில் வரும் யோசனைகள் எல்லாம் அந்த நிலையைத் தவிர்ப்பதற்கானவை.

எந்த வகை விவாதம்?

முதலில் எடுக்க வேண்டிய முடிவு இது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வேரூன்றிய ‘பாலிசி’ விவாதத்தில் ஓர் ஆண்டு முழுவதற்கும் ஒரே தலைப்பு. அதன் தேசியப் போட்டி 1947-இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் தொடங்கியது. மாணவர்கள் மாதக்கணக்கில் ஆதாரங்கள் திரட்டிக் கோப்புகளாக அடுக்கிவைப்பார்கள். ஆழமான ஆராய்ச்சிப் பழக்கம் தருவதில் இதற்கு ஈடில்லை. ஆனால் நல்ல நூலகம், கட்டணம் கட்டிய தரவுத்தளங்கள், முழுநேரப் பயிற்சியாளர் ஆகிய மூன்றும் இல்லாத இடத்தில் இது ஓடாது.

இரண்டாவது, பிரிட்டிஷ் பார்லிமென்ட்டரி முறை. உலகப் பல்கலைக்கழக விவாதப் போட்டி 1981-இல் கிளாஸ்கோவில் தொடங்கியது. இன்று அது இந்த முறையில்தான் நடக்கிறது. ஓர் அறையில் நான்கு அணிகள், அணிக்கு இருவர், ஆளுக்கு 7 நிமிடம். தலைப்பு அறிவித்து 15 நிமிடத்தில் மேடையேற வேண்டும். பேசுகிறவரை எதிர்த் தரப்பினர் எழுந்து நின்று குறுக்குக் கேள்வி கேட்கலாம், முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் தவிர. வென்ற அணிக்கு 3 புள்ளி, அடுத்தடுத்த அணிகளுக்கு 2, 1, 0. செய்தித்தாளை ஒழுங்காகப் படிக்கும் இருவர் இருந்தால் போதும், ஓர் அணி தயார். தமிழகத்துக்கு இந்த உலகப் போட்டி அந்நியமும் அல்ல. 2014-ஆம் ஆண்டுக்கான போட்டியைச் சென்னையில் ராஜலட்சுமி பொறியியல் கல்லூரிதான் நடத்தியது.

புதிதாகத் தொடங்கும் கல்லூரிக்கு இரண்டாவது வகையே பொருந்தும். அதோடு தனிநபர் பேச்சு வகைகளையும் சேர்த்துக்கொள்வது நல்லது. அமெரிக்காவில் இவை விவாதத்துக்கு நிகரான தனித் துறையாகவே வளர்ந்திருக்கின்றன. ‘இம்ப்ராம்ப்டு’ வகையில் யோசிக்கவும் பேசவும் சேர்த்தே 7 நிமிடம். ‘எக்ஸ்டெம்ப்’ வகையில் நடப்புச் செய்தி குறித்த கேள்வி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, 30 நிமிடம் தயாரித்து, 7 நிமிடம் பேச வேண்டும். எதிரே நின்று மறுத்துப் பேசுகிறவர் யாரும் இல்லாததால், கூச்ச சுபாவம் உள்ளவர்கள் நுழைவதற்கு இது வசதியான வாசல். ஒரு பருவம் எக்ஸ்டெம்ப் செய்தவர்கள் அடுத்த பருவத்தில் விவாத அறைக்குத் தாமாகவே வந்துவிடுவார்கள்.

மொழி பற்றிய தயக்கத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பார்லிமென்ட்டரி முறை ஆங்கிலத்துக்கு மட்டும் உரியது அல்ல. இலங்கையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மாணவர்கள் தமிழிலேயே அணி விவாதப் போட்டிகள் நடத்துகிறார்கள். தமிழ் வழியில் படித்து வந்த முதலாமாண்டு மாணவர்களை ஆங்கிலம் வரும்வரை காத்திருக்கச் சொல்வது அநியாயம். வாதம் கட்டும் பழக்கத்தை அவர்கள் தமிழில் தொடங்கட்டும். மொழி மாறும்போது அந்தப் பழக்கம் கூடவே போகும்.

ஆள் சேர்ப்பது

பள்ளியில் பேச்சுப் போட்டிப் பரிசுகள் வாங்கியவர்கள் முதல் கூட்டத்திலேயே முன்வரிசையில் வந்து உட்காருவார்கள். அவர்களை வரவேற்க வேண்டும். ஆனால் அவர்களை மட்டும் வைத்து அணி கட்டக் கூடாது. மனப்பாடம் செய்த உரையை ஏற்ற இறக்கத்தோடு சொல்வது ஒரு திறமை. நடுவே ஒருவர் எழுந்து “அப்படியென்றால் கேரளத்தில் ஏன் அது நடக்கவில்லை?” என்று கேட்கும்போது நின்று பதில் சொல்வது வேறு திறமை. இரண்டாவது திறமை உள்ளவர்கள் பெரும்பாலும் மேடை ஏறாதவர்கள். வகுப்பில் ஆசிரியர் சொன்னதை மெதுவாக மறுப்பவர்கள், விடுதியில் கிரிக்கெட் தேர்வுக் குழுவைப் பற்றி நள்ளிரவு வரை வாதாடுகிறவர்கள்.

தேர்வு முறை எளிமையாக இருக்கட்டும். ஒரு தலைப்பு, 15 நிமிடத் தயாரிப்பு, 4 நிமிடப் பேச்சு. பேசி முடித்ததும் அதே தலைப்பில் எதிர்த்தரப்பில் 2 நிமிடம் பேசச் சொல்ல வேண்டும். தாம் இப்போது சொன்னதன் பலவீனம் எங்கே என்று தெரிந்தவர்கள் அந்த 2 நிமிடத்தில் தனியாகத் தெரிவார்கள்.

தரப்பை நடத்துபவர்தான் ஒதுக்க வேண்டும், பேசுபவர் தேர்ந்தெடுக்கக் கூடாது. இதற்கு ஓர் அருமையான உதாரணம் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் பார்ட் கல்லூரி சிறைக்குள்ளேயே பட்டப்படிப்பு நடத்துகிறது. 2015 செப்டம்பரில் ஈஸ்டர்ன் சிறையின் கைதிகள் அணி, ஹார்வர்டிலிருந்து வந்த அணியை வென்றது. அவர்களுக்கு இணையம் கிடையாது. கேட்ட புத்தகம் சிறை நிர்வாகத்தின் அனுமதி பெற்று வந்து சேர நாள் கணக்கில், சில சமயம் வாரக் கணக்கில் ஆகும். ஆவணமில்லாமல் குடியேறிய மாணவர்களைச் சேர்க்க மறுக்கும் உரிமை அரசுப் பள்ளிகளுக்கு வேண்டும் என்ற தரப்பு அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. அவர்கள் மனத்துக்கு ஒவ்வாத தரப்பு. அதை எடுத்துப் பேசித்தான் வென்றார்கள். “நான் நம்பாததை எப்படி சார் பேசுவது?” என்று தயங்கும் மாணவரிடம் இந்தச் செய்தியைச் சொல்லலாம். எதிராளியின் நியாயத்தை அதன் முழு வலுவோடு ஒருமுறை சொல்லிப் பார்த்தவருக்குத் தம் கருத்தும் தெளிவாகிறது.

பயிற்சி அறையில்

வாரம் இரண்டு மாலைகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். இதற்குக் குறைந்தால் அணி வேர்பிடிக்காது. கூடினால் தேர்வு சமயத்தில் எல்லோரும் நின்றுவிடுவார்கள். 4 மணிக்குத் தொடங்கி 5.30-க்கு முடிப்பது நல்லது. மாணவியர் விடுதிகள் பல, மாலை 6 அல்லது 6.30-க்குள் கதவை அடைத்துவிடுகின்றன. இரவு 8 மணிக்குப் பயிற்சி வைக்கும் கழகத்தில் மாணவியர் ஏன் சேர்வதில்லை என்று யோசிக்கவே தேவையில்லை. டால்சனின் அணியில் 1930-இல் முதல் பெண்ணாக இடம்பிடித்த ஹென்ரியெட்டா பெல், அப்போது கல்லூரியில் முதலாமாண்டு மாணவி. அந்தக் காலத்திலேயே அந்தக் கதவு திறந்திருந்தது. இன்று நேர அட்டவணை ஒன்றே அதை மூடிவிடலாம்.

ஒரு பயிற்சி மாலையைப் பக்கத்திலிருந்து பார்ப்போம். தலைப்பு: ‘கல்லூரிகளில் வருகைப்பதிவுக் கட்டாயத்தை இந்த அவை ஒழிக்கும்.’ நான்கு பேர் பேசுகிறார்கள், ஆளுக்கு 5 நிமிடம். மற்ற அனைவர் கையிலும் ஒரு பெரிய வெள்ளைத்தாள், நான்கு பத்திகளாகக் கோடு போட்டது. ஆதரவுத் தரப்பு நீல மையில், எதிர்த்தரப்பு சிவப்பு மையில். ஒவ்வொரு வாதமும் நாலைந்து சொற்களில் அதற்குரிய பத்தியில் விழுகிறது. பதில் வந்தால் பக்கத்துப் பத்திக்கு ஓர் அம்புக்குறி. இதற்கு ‘ஃப்ளோ’ என்று பெயர்.

முதல் பேச்சாளர், கட்டாயம் போனால் மாணவர்கள் அந்த நேரத்தில் வேலை கற்றுக்கொள்வார்கள் என்கிறார். எதிர்த்தரப்பின் முதல் பேச்சாளர் எழுந்து, பெண்பிள்ளைகளின் வீடுகளைப் பற்றிப் பேசுகிறார். ‘வகுப்பு கட்டாயம் இல்லையாமே, தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இரு’ என்று சொல்லும் வீடுகளில் அந்த 75 சதவீத விதிதான் அவளைக் கல்லூரிக்கு அனுப்புகிறது என்கிறார். அறை நிமிர்ந்து உட்காருகிறது. ஆதரவுத் தரப்பின் இரண்டாவது பேச்சாளர் நல்ல குரலில், நல்ல சொற்களில், அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களைப் பற்றிப் பேசி முடிக்கிறார். கைதட்டல். ஆனால் எல்லோருடைய தாளிலும் அந்தச் சிவப்பு வரிக்குப் பக்கத்தில் வெற்றிடம்.

பயிற்சியாளர் ‘யார் நன்றாகப் பேசினார்?’ என்று கேட்கக் கூடாது. ‘எந்த வாதத்துக்குப் பதில் வரவில்லை?’ என்று கேட்க வேண்டும். தாளைப் பார்த்தே அறை பதில் சொல்லிவிடும். யாரும் யாரையும் புண்படுத்தத் தேவையில்லை. அடுத்ததுதான் பல கழகங்கள் விட்டுவிடும் வேலை: அந்த இரண்டாவது பேச்சாளரை அன்றே, அப்போதே, அதே 5 நிமிடத்தை மறுபடி பேசவைப்பது. திருத்தத்தைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனவர் மறந்துவிடுவார். திருத்திப் பேசிவிட்டுப் போனவருக்கு அது நிற்கும்.

உரையை யார் எழுதுவது என்பதில் உறுதி வேண்டும். டால்சன் தம் மாணவர்களுக்கான உரைகளைத் தாமே எழுதினார். எங்கே நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் கையை உயர்த்த வேண்டும் என்பது வரை சொல்லிக்கொடுத்தார். எதிரணி என்ன சொல்லும் என்று முன்கூட்டியே கணித்து அதற்கும் பதில் எழுதிவைத்தார். தலைப்பு முன்பே தெரிந்த அந்த நாட்களில், அத்தனை கதவுகளும் அடைபட்டிருந்த மாணவர்களுக்கு, அவர் தம்மிடம் இருந்த அனைத்தையும் கொடுத்தார். அதில் குறை காண முடியாது. அந்த அணியில் இருந்த ஜேம்ஸ் ஃபார்மர் 1942-இல் இன சமத்துவப் பேரவையை நிறுவியவர்களில் ஒருவரானார். ஆனால் 15 நிமிடத்தில் மேடையேற வேண்டிய இன்றைய முறையில் ஆசிரியர் எழுதித்தருவது உதவாது. தயாரிப்பு அறைக்குள் அவருக்கு அனுமதியே இல்லை. மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் ஏற்பாடுதான் ஆசிரியர் இல்லாத வாரத்திலும் ஓடும். இரண்டாமாண்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் முதலாமாண்டினர் இருவரை ஒப்படைத்துவிடலாம்.

நடுவர்கள்

நல்ல பேச்சாளர்களை உருவாக்கும் கல்லூரிகள்கூட நடுவர்களை உருவாக்க மறந்துவிடுகின்றன. பெரிய போட்டிகளில் பங்கேற்கும் கல்லூரி, தான் அனுப்பும் அணிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப நடுவர்களையும் அனுப்ப வேண்டும். மூன்று அணிகள் போனால் இரண்டு நடுவர்கள் என்பது பரவலான விதி. நடுவர் இல்லாததால் கடைசி நேரத்தில் ஓர் அணியைக் குறைத்துக்கொண்டு போக நேர்வது வருத்தமான விஷயம்.

தமிழ் மாணவர்களுக்கு நடுவர் என்றதும் பட்டிமன்ற நடுவர்தான் நினைவுக்கு வருவார். இருதரப்பையும் அரவணைத்து, நகைச்சுவை தெளித்து, கடைசியில் தம் சொந்தப் பார்வையைத் தீர்ப்பாகச் சொல்பவர் அவர். அது அந்தக் கலையின் அழகு. போட்டி விவாதத்தில் நடுவரின் சொந்தக் கருத்துக்கு இடமில்லை. பேச்சாளர் சொல்லாமல் விட்ட வாதத்தை நடுவர் மனத்தில் சேர்த்துக்கொள்ளக் கூடாது. தமக்குத் தெரிந்த பதிலை எதிரணி சொல்லாதபோது அந்த அணிக்கு மதிப்பெண் போடக் கூடாது. விஷயம் அறிந்த பேராசிரியர்களுக்கு இது மிகக் கடினம். அதனால் மூத்த மாணவர்களையும் முன்னாள் மாணவர்களையுமே நடுவர்களாகப் பழக்குவது பலன் தரும். பயிற்சி மாலையில் தாள் எழுதுகிற ஒவ்வொருவரும் முடிவில் நான்கு பேரையும் வரிசைப்படுத்தி, 2 நிமிடத்தில் காரணம் சொல்ல வேண்டும். நடுவர் பயிற்சிக்கு வேறு தனி வகுப்பு வேண்டாம்.

பணமும் ஓ.டி.யும்

வெளியூர்ப் போட்டி என்றால் பதிவுக் கட்டணம், ரயில், தங்குமிடம், சாப்பாடு. ஆண்டுத் தொடக்கத்திலேயே எத்தனை போட்டி, எத்தனை பேர் என்று ஒரே தாளில் எழுதி முதல்வரிடம் ஒப்புதல் வாங்கிவிட வேண்டும். போட்டிக்குப் போட்டி கையேந்தும் கழகம் முதல் சிக்கன நடவடிக்கையிலேயே காணாமல் போகும். மாணவர் கையிலிருந்து செலவழித்துவிட்டுப் பிறகு ரசீது கொடுத்து வாங்கிக்கொள்ளும் முறை, வசதியில்லாத மாணவரைச் சத்தமில்லாமல் வெளியேற்றிவிடும். முன்பணம் கொடுக்க நிர்வாகம் மறுத்தால், போட்டிகளின் எண்ணிக்கையைக் குறைத்தாவது அதைப் பெற வேண்டும்.

போட்டிக்குப் போகும் நாட்களை வருகையாகக் கணக்கிடும் ஓ.டி. (‘ஆன் டியூட்டி’) அனுமதி இன்னொரு தலைவலி. வெள்ளி காலை கிளம்பித் திங்கள் காலை திரும்பும் மாணவருக்கு இன்டர்னல் தேர்வு தவறினால், அடுத்த முறை வீட்டிலேயே விடமாட்டார்கள். துறைத் தலைவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் 2 வாரம் முன்பே போய்ச் சேரட்டும். அதைவிட முக்கியம், திரும்பி வந்ததும் முடிவு எதுவானாலும் ஒரு பக்க அறிக்கை அதே துறைத் தலைவர்களுக்குப் போக வேண்டும். தம் மாணவர் எந்தத் தலைப்பில், எந்தக் கல்லூரிகளுக்கு எதிரே பேசினார் என்று தெரிந்தால், அடுத்த ஓ.டி. படிவத்தில் கையெழுத்து சீக்கிரம் விழும்.

சொந்தமாக ஒரு போட்டி

இரண்டாம் ஆண்டில் ஒரு நாள் போட்டி ஒன்றை நடத்திப் பார்க்க வேண்டும். பெரிதாக எதுவும் வேண்டாம். 16 அணிகள், 32 பேச்சாளர்கள், 4 வகுப்பறைகள், அறைக்குக் குறைந்தது 2 நடுவர்கள். தலைப்பு அறிவித்து 15 நிமிடம், எட்டுப் பேர் பேச 56 நிமிடம், நடுவர்கள் கலந்து பேச 15 நிமிடம், அணிகளுக்கு விளக்கம் சொல்ல 10 நிமிடம். நடந்துபோகும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு சுற்று ஒன்றே முக்கால் மணி நேரம் பிடிக்கும். காலை 9-க்குத் தொடங்கினால் மூன்று சுற்றும் ஓர் இறுதிப் போட்டியும் நடத்தலாம். நான்கு சுற்று வைக்கும் ஆசையில்தான் இரவு 9 மணிக்கு நடுவர் இல்லாமல் இறுதிப் போட்டி தள்ளாடும்.

முதல் சுற்றுக்குக் குலுக்கல். இரண்டாம் சுற்றிலிருந்து ஒத்த புள்ளி உள்ள அணிகள் ஒன்றோடொன்று மோத வேண்டும். இதைக் கையால் கணக்கிடலாம், ஆனால் தவறு நேரும். ‘டேபிகேட்’ என்ற இலவச மென்பொருளை உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். கணினி பழகிய இருவரை முந்தின வாரமே அதில் ஒத்திகை பார்க்க வைக்க வேண்டும். நடுவர் தாளில் அணி வரிசையும் தனிநபர் மதிப்பெண்ணும் முரண்பட்டால், அறைக்கே திருப்பி அனுப்பிச் சரிசெய்த பிறகே பதிவேற்ற வேண்டும்.

தலைப்புகளுக்கு ஒரு மாதம் கொடுக்கலாம். மூன்று பேர் கொண்ட குழு ஒவ்வொரு தலைப்புக்கும் இரு தரப்பிலும் தலா நான்கு வாதங்கள் எழுதிப் பார்க்கட்டும். ஒரு பக்கம் நான்கும் மறுபக்கம் இரண்டும் வந்தால் அந்தத் தலைப்பு வேண்டாம்.

உலகப் போட்டியில் ஆங்கிலம் இரண்டாம் மொழியாகவும் அயல்மொழியாகவும் கொண்டவர்களுக்குத் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. அதே எண்ணத்தில், முதல் முறை பேசுகிறவர்களுக்குத் தனி இறுதிச் சுற்று ஒன்றைச் சொந்தப் போட்டியில் வைக்கலாம். அதைப் பெரிய இறுதிப் போட்டிக்கு முன்னால், அரங்கு நிறைந்திருக்கும்போதே நடத்த வேண்டும். போட்டி முடிந்த அன்று இரவே எல்லா அணிகளின் புள்ளிகளும் நடுவர்களின் குறிப்புகளும் அந்தந்த அணிகளுக்குப் போய்விடட்டும். அறை ஒதுக்கீட்டுத் தாள், செலவுக் கணக்கு, தலைப்புக் குழுவின் வரைவுகள், கைவிட்ட தலைப்புகள், கழக மின்னஞ்சலின் கடவுச்சொல் அனைத்தும் ஒரே கோப்பில் சேர்ந்து, ஏப்ரல் தேர்வுகளுக்கு முன் இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் கையில் கையெழுத்தோடு ஒப்படைக்கப்பட வேண்டும்.